கண்ணாடியைத் தட்ட வேண்டாம்

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னேன், அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். நீங்களும் நானும் போனில் பேசினால் "சாப்டியா", "ம்", "வேலை?", "ம்" என்று நாலு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மீன் சமாசாரம் நாலு வார்த்தையில் அடங்காது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

வேலை பிடித்திருக்கிறது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புகிறார்கள், நாங்கள் அதை வைத்துப் பல் செட் செய்கிறோம். ஒரு மேஜை, ஒரு விளக்கு, கொஞ்சம் மெழுகு, ஒரு சின்னக் கத்தி. நாள் முழுக்கப் பற்களோடு இருக்கிறேன், ஒன்றும் என்னைப் பேசச் சொல்லவில்லை. விடுதி அறை சின்னது. ஒரு நர்ஸ் அக்கா என்னோடு இருக்கிறார். ஜன்னல் ஒன்று. கதவு உண்டு.

இனி மாப்பிள்ளை. போட்டதைச் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு மண்பானைக்குள் உட்கார்ந்திருப்பதால் அம்மா வைத்த பெயர் அது. நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். சிக்லிட் என்கிற வகை, அப்பா. வளர்ந்தால் ஆளை அடையாளம் கண்டு கையிலேயே வந்து சாப்பிடும் என்று கடைக்காரர் சொன்னார். இப்போது விரல் நீளக் குஞ்சுதான். கடையில் பெரிய மீன்களோடு ஒரே தொட்டியில் கிடந்து கடி வாங்கியிருக்கிறது. வாலின் ஓரம் கிழிந்திருக்கும், பாருங்கள். அதனால்தான் எதைக் கண்டாலும் பயம்.

காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தீனி. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீராக இருக்கட்டும். கண்ணாடியைத் தட்ட வேண்டாம். பானையை எடுக்கவே எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த இரண்டும் போதும்.

உங்களை நம்பித்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். பஸ்ஸில் கொண்டுவர முடியாததால் விட்டுவிட்டு வந்தேன். கோபப்படாதீர்கள்.

முதல் ஆறு மாதம் லீவு கிடையாதாம்.

இப்படிக்கு,
மகள்


பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு மூன்று பேரும் சௌக்கியம். மூன்றாவது ஆள் முகம் காட்டுவதில்லை என்பதால் அவரைப் பற்றி உத்தரவாதம் தர முடியாது. மரப்பட்டறைப் பென்சிலில் எழுதுகிறேன், எழுத்து தடியாக இருக்கும். பேனா பிடித்தால் எனக்குக் கை வராது.

ஆறு மாதம் லீவே தராத அந்த முதலாளி யார்? எங்கள் பட்டறையிலேயே மாதம் ஒரு நாள் உண்டு. நீ வாயைத் திறந்து கேட்டாயா, இல்லை வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாயா? கேட்டால்தான் கிடைக்கும். அம்மா தினமும் காலண்டரைப் பார்க்கிறாள். நான் பார்ப்பதில்லை, ஆனால் இன்றோடு பன்னிரண்டு நாள்.

தீனி போடுகிறேன். தண்ணீர் மாற்றினேன். தொட்டி கூடத்து மேஜை மேல் ஆடாமல் அசையாமல் இருக்கிறது, நான் செய்த மேஜை ஆயிற்றே. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்த மாப்பிள்ளைக்கு நீ செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாய். நான் முன்னால் போய் நின்றால் பானைக்குள் போகிறது. நகர்ந்தால் மூக்கை நீட்டுகிறது. திரும்பினால் மறுபடியும் உள்ளே. நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்? பட்டறையில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். அன்றைக்காவது வெளியே வரட்டும்.

எல்லாம் நீ சொன்னபடியேதான் நடக்கிறது. கவலைப்படாதே.

அப்பா


மார்ச் 8

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லாரும் நலம். ஒரு சின்ன சந்தேகம். எனக்கு இல்லை. பட்டறையில் வார்னிஷ் அடிக்கிறவர் இருக்கிறாரே, அவர் வீட்டிலும் ஒரு தொட்டி வைத்திருக்கிறார். அவருடைய மீனும் நம்முடையதைப் போலத்தான், விரல் நீளம். ஒரு வாரமாகச் சாப்பிடவில்லையாம். உடம்பு கறுத்துப் போய், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் தலைகீழாக ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். யாராவது நடந்து போனாலே கண்ணாடியில் போய் முட்டிக்கொள்கிறதாம். மூக்கில் ஒரு வெள்ளைக் காயம் வேறு. மனிதர் ரொம்ப வருத்தப்படுகிறார். அவர் பானை கீனை எதையோ தொட்டியிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது.

என்ன செய்யலாம் என்று சீக்கிரம் எழுது. அவருக்குச் சொல்ல வேண்டும்.

நம் மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார்.

அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வார்னிஷ் மாமாவை எனக்குத் தெரியும். அவர் வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன. மூன்று பூனை வைத்திருக்கிறவர் மீன் வளர்க்க மாட்டார்.

பானையை ஏன் எடுத்தீர்கள்?

முதலில் பானையை அதே இடத்தில், அதே பக்கம் வாய் இருக்கும்படி வையுங்கள். பக்கத்தில் இன்னும் இரண்டு மறைவிடம் வேண்டும். உடைந்த பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம், தட்டைக் கல்லைச் சாய்த்து வைக்கலாம். தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தால் எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வரும் என்று அதற்குத் தெரியாது. விளக்கை நாலு நாள் போடாதீர்கள். பாதித் தண்ணீரை மாற்ற வேண்டாம், கால் பங்குதான். தின்னாத தீனியை எடுத்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் வேகமாக நீந்தும் சின்ன மீன்கள் ஆறு கேளுங்கள். கூட்டமாக மேல் தண்ணீரில் சுற்றிக்கொண்டே இருக்கிற வகை என்று சொன்னால் அவருக்குப் புரியும். அதுகள் பயமில்லாமல் சுற்றுவதைப் பானைக்குள் இருந்து இது பார்க்கும். அதுகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு நாள் அதற்கே தோன்றும்.

இன்னொன்று. அதைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்யுங்கள். சத்தமில்லாத வேலை. தினமும் ஒரே நேரம். எப்போது வரும், எப்போது வரும் என்று எட்டிப் பார்க்கக் கூடாது.

மறைவிடம் நிறைய இருந்தால் மீன் வெளியே வராது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நேர்மாறு, அப்பா. ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது வெளியே வரும்.

மகள்


மார்ச் 21

அன்பு மகளுக்கு,

பெற்ற மகளுக்குப் பொய் எழுதினேன். அதுவும் ஒரு பாவமும் அறியாத வார்னிஷ்காரர் தலையில் போட்டு எழுதினேன். உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துத்தான் படித்தேன். "என்ன, பொண்ணு லெட்டரா? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டு அவரே எதிரில் வந்து நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூனைகள் சௌக்கியமா என்று அவரைக் கேட்டு வைத்தேன். மனிதர் குழம்பிப் போனார்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தொட்டி முன்னால் கால் மணி நேரம் நின்றோம். மாப்பிள்ளை வரவில்லை. நான் பென்சிலால் கண்ணாடியைத் தட்டினேன். வரவில்லை. ஒருவர், "என்னண்ணே, தண்ணி மட்டும்தான் வளக்கறீங்களா?" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டுப் பானையை எடுத்துவிட்டேன். ஒளிய இடமில்லாவிட்டால் வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். மீன் நான்கு பக்கக் கண்ணாடியிலும் முட்டியது. பிறகு குழாய்க்குப் பின்னால் போனது. அவர்கள் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பானையை நான் திரும்ப வைக்கவில்லை. நாலு நாளில் பழகிவிடும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

அம்மா அன்றைக்கு வீட்டில் இல்லை. பானை வெளியே கிடப்பதை மறுநாள் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்று பானையை வைத்துவிட்டேன். காகிதம் ஒட்டிவிட்டேன். நாளைக்குக் கடைக்குப் போகிறேன். மீனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை.

வெட்கப்படுகிற,
அப்பா


ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வெளியே வந்துவிட்டார்.

சின்ன மீன் ஆறும் வந்த நாளிலிருந்து ஒரே கும்மாளம். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி மேலேயே சுற்றுகின்றன. முதல் வாரம் இவர் பானை வாசல் வரைகூட வரவில்லை. நீ சொன்னபடி நாற்காலியைப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தினமும் வேலை விட்டு வந்ததும் ஒரு மணி நேரம். சும்மா இருக்க முடியாதே, மரக்கரண்டிகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதுவரை பதினொரு கரண்டி ஆகிவிட்டது. "இத்தனை கரண்டிக்கு நான் எங்கே போய் சமைக்கறது?" என்கிறாள் அம்மா.

ஒரு திருட்டுத்தனமும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சவரக் கண்ணாடியை முழங்காலில் வைத்துக்கொண்டு அதன் வழியாகப் பின்னால் பார்த்தேன். முதலில் மூக்கு. நாலு நாள் கழித்துத் துடுப்பு. போன வாரம் முழு உடம்பு. வியாழக்கிழமை பானையை விட்டு ஒரு சாண் வந்து, தரையில் கிடந்த தீனியைக் கவ்வி, மென்று, ஒரு கல்லைத் துப்பிவிட்டு, மறுபடியும் பானைக்குப் போனது. ஓடவில்லை. நடந்து போகிற மாதிரி போனது. மூக்குக் காயம் ஆறிவிட்டது. உடம்பில் நீலப் பொடி தூவின மாதிரி நிறம் வந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கரண்டியைத் தேய்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன கடிதத்தில் எழுதாமல் விட்ட வார்த்தையை இப்போது எழுதுகிறேன். அம்மா சொன்னது இதுதான்: "முதல்ல கதவு. இப்ப பானையா?"

பானையை எடுத்தபோது அந்த மீன் பட்ட பாட்டை ஒரு மாதம் கண்ணால் பார்த்தேன். ஐந்து வருஷம் முன்னால் உன் அறைக் கதவைக் கழற்றியபோது நீ பட்ட பாட்டை நான் பார்க்கவில்லை. நீ அந்த மீனைப் போலத்தான் இருந்திருப்பாய் என்று இப்போது புரிகிறது. இந்த மீனுக்குச் செய்த தப்பைச் சரி செய்துவிட்டேன். அதே மாதிரி உனக்கும் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஆகஸ்டில் ஆறு மாதம் முடிகிறது. வருவாய் அல்லவா?

அப்பா


மே 2

அப்பாவுக்கு,

மாப்பிள்ளை தேறியதில் சந்தோஷம். அதற்கு நன்றி. அதை நீங்கள் பொறுமையாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

மற்றதைப் படித்துவிட்டு நாலு நாள் எழுதாமல் இருந்தேன். நான் மீன் இல்லை, அப்பா. மீன் வழியாக என்னிடம் மன்னிப்புக் கேட்காதீர்கள். மீனுக்குப் பானையைத் திரும்ப வைத்தீர்கள். என் அறைக்கு இன்னும் கதவில்லை. பிறகு எது சரியாகிவிட்டது?

நீங்கள் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நான் சொல்கிறேன். எனக்குப் பதினேழு வயது. துணி மாற்ற அலமாரிக் கதவைத் திறந்து அதற்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொள்வேன். எண்ணி நாற்பது வினாடி. சுவரைப் பார்த்துத்தான் படுப்பேன், முகமாவது யாருக்கும் தெரியாதே என்று. அம்மா ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டாள். காற்றடித்தால் அது விலகும். நீங்கள் கூடத்தில் நடக்கும்போதெல்லாம் தொண்டையைக் கனைப்பீர்கள். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று அப்படிச் செய்தீர்களோ என்னவோ. எனக்கு அது காவல்காரர் வருகிற சத்தம். வருகிற விருந்தாளியெல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். "பொண்ணு படிக்குதா?" என்பார்கள். நான் படித்துக்கொண்டிருப்பது போல் நடிப்பேன். அப்படி நடித்தே பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினேன். கதவைக் கழற்றினதால்தான் பிள்ளை உருப்பட்டது என்று நீங்கள் ஒருவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. போர்வைக்குப் பின்னால்தானே இருந்தேன்.

தொட்டி நிற்கிற மேஜையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அந்த மேஜைப் பலகை என் கதவு. கைப்பிடி இருந்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். இருந்தாலும் வட்டம் தெரிகிறது. தொட்டி வாங்கினபோது சரியாக அந்த வட்டத்தின் மேல் வைத்தேன். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நானும் பொய் சொல்லியிருக்கிறேன். இங்கே லீவு உண்டு. முதல் மாதத்திலிருந்தே உண்டு. நான்தான் கேட்கவில்லை. அம்மாவைப் பார்க்காமல் மூன்று மாதம் இருந்ததற்கு எனக்கே என்மேல் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் கதவில்லாத அறையில் இனி ஒரு நாள்கூட என்னால் தூங்க முடியாது. ஆகஸ்டிலும் வர மாட்டேன்.

மகள்


மே 19

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தில் மீன் இல்லை.

கதவைக் கழற்றின அன்றைக்கு நடந்ததை நீ உள்ளேயிருந்து கேட்டிருப்பாய். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். பட்டறை முதலாளியும் அவர் மனைவியும் முதல் தடவையாக நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என்னை மேஸ்திரி ஆக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம். உன்னைக் கூப்பிட்டேன், நீ வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. முதலாளி சிரித்துக்கொண்டே, "என்னய்யா, உன் பொண்ணு ஊமையா?" என்றார்.

நானும் சிரித்தேன்.

அதுதான். கதவைக் கழற்றியது கோபத்தில் செய்த காரியம் என்று ஐந்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் இல்லை. என் மகளை ஒருவன் ஊமை என்கிறான், நான் அவனோடு சேர்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த வெட்கம் தாங்கவில்லை. அவர்கள் போன பிறகு திருப்புளியை எடுத்து அதை உன் மேல் இறக்கிவிட்டேன். கீல் ஒவ்வொன்றாகக் கழற்றும்போது நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் உன் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த மீன் விஷயத்திலும் இதேதான். யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள், என் கை நீண்டது. நான் கோழை. ஊரார் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவன் நான்தான், நீ இல்லை.

கதவைப் பலகையாக்கி மேஜை செய்தது வேறு. மரம் வீணாகக் கூடாது என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. தப்பு செய்தேன் என்று எழுதத்தான் எழுதினேன். பதில் போட வேண்டாம். நீ வராததற்கு என்ன காரணம் என்று அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். என்னோடு பேசுவதை இரண்டு நாள் நிறுத்தியிருந்தாள். இப்போது பேசுகிறாள்.

அப்பா


ஜூலை 6

அன்பு மகளுக்கு,

பதில் போட வேண்டாம் என்று நான்தான் எழுதினேன். இருந்தாலும் தபால்காரர் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அதை விடு.

இது கதவு சமாசாரம். கடிதத்தோடு அட்டையில் ஒட்டி ஒரு சாவி வைத்திருக்கிறேன், கீழே விழாமல் எடு.

முதலில் பழைய கதவையே மாட்டிவிட வேண்டும் என்று வெறி பிடித்த மாதிரி கிளம்பினேன். உன்னுடையது உனக்கே வர வேண்டும் அல்லவா? தொட்டித் தண்ணீரை இறைக்க வாளி எடுத்துக்கொண்டு போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "உங்க மனசு ஆறணும்னு மறுபடியும் அந்த மீனைக் கிளப்பப் போறீங்களா? இப்பதான் அது மனுஷங்களை நம்ப ஆரம்பிச்சிருக்கு," என்றாள். வாளியை வைத்துவிட்டேன். பழைய கதவு மீனுக்குக் கீழேயே இருக்கட்டும்.

புதிதாகச் செய்தேன். பட்டறையில் வேலை முடிந்த பிறகு தினமும் கொஞ்சம். முதலாளி பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார். "என் பொண்ணு ரூமுக்கு. நீங்க ஊமையான்னு கேட்டீங்களே, அவளுக்கு," என்றேன். அவருக்கு நினைவே இல்லை. ஐந்து வருஷமாக நம் வீட்டில் கிடந்த விஷயம் அவருக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன். பிறகு இழைப்புளியை எடுத்து வேலையைத் தொடர்ந்தேன்.

ஒரே பலகை, நடுவில் ஒட்டு இல்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் ஒன்று. சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற பூட்டு ஒன்று. வெளியிலிருந்து யாரும் திறக்கக் கூடாது என்பதே மனசில் இருந்ததால் வெளிப்பக்கம் கைப்பிடி வைக்கவே மறந்துவிட்டேன். முப்பது வருஷமாகக் கதவு செய்கிறவன். மாட்டி முடித்து, நன்றாகச் சாத்துகிறதா என்று உள்ளே நின்று பார்த்து, வெளியே நின்று பார்த்தேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. இரண்டு சாவியில் ஒன்று உள்ளே உன் கட்டில் மேல். என் உளி, திருப்புளி, மூக்குக் கண்ணாடி, அம்மாவின் இஸ்திரிப் பெட்டி, எல்லாம் உள்ளே.

இன்னொரு சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. திறக்கலாம். பூட்டு வரை கொண்டுபோய்விட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன். மூடியிருக்கிற உன் கதவை ஐந்து வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன். அதை நான் திறக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. அந்தச் சாவிதான் இது.

நீ வர வேண்டும் என்று இதை அனுப்பவில்லை. வராவிட்டாலும் அந்த அறை உன்னுடையது, பூட்டியே இருக்கும். "அப்ப என் இஸ்திரிப் பெட்டி?" என்று அம்மா கேட்கிறாள். பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், மூக்குக் கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன்.

அப்பா


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

சாவி வந்தது. தபாலாபீஸில் கவரை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார்கள். "எங்க வீட்டுல என் ரூம் சாவி," என்றேன். வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்த பிறகுதான் கூச்சம் வந்தது.

உங்கள் மே மாதக் கடிதத்தை நர்ஸ் அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து நாலைந்து தடவை படித்தேன். நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது, அப்பா. கதவு போனதைவிட அதுதான் பெரிசாக இருந்தது. அதை நீங்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். போன கடிதத்தில் உங்களைக் காவல்காரர் என்று எழுதியதற்கு வருத்தமும் வரவில்லை. அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை வரை வேலை. லீவு கேட்டேன், கேட்ட உடனே கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன்.

வந்ததும் நேரே என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இஸ்திரிப் பெட்டியையும் உங்கள் மூக்குக் கண்ணாடியையும் மட்டும் வெளியே வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு தட்டாதீர்கள். கனைக்காதீர்கள். சாப்பிடக் கூப்பிட வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லுங்கள். நீங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் நாற்காலி போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பன்னிரண்டாவது கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருங்கள். சவரக் கண்ணாடி கூடாது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது.

நானே வெளியே வருவேன்.

உங்கள் மகள்